ஆடுகிறவளும் தாமரைக் குளமும்

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நெல்லும் மக்காச்சோளமும் வாங்கி விற்கிற மண்டிக்காரர். கதை படிப்பார், படித்ததைப் பற்றிப் பேசுவார், பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இந்த மூன்றும் ஒரே மனிதரிடத்தில் சேர்ந்திருப்பது அபூர்வம். ஆகையால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் வீட்டில் ஒரு வேளை காப்பியாவது சாப்பிடாமல் நான் திரும்புவதில்லை.

சென்ற முறை போனபோது கூடத்துச் சுவரில் புதிதாக ஒரு படம் தொங்கியது. ஏறக்குறைய ஆள் உயரம். கல்வராயன் மலையடிவாரத்து ஓவியர் ஒருவர் எண்ணெய் வர்ணத்தில் எழுதியது. அருவிக்கு முன்னால் ஒரு பெண் ஆடுகிறாள். அவிழ்ந்த கூந்தல் மேலே போய் அருவியாக மாறுகிறது; அல்லது அருவி இறங்கி வந்து கூந்தலாகிறது. பாவாடை மடிப்புகள் தரையைத் தொடுமிடத்தில் புல்லும் சாமைக் கதிருமாக ஆகிவிடுகின்றன. சலங்கை மணிகள் நனைந்த கூழாங்கற்கள். விரித்த வலக்கையின் விரல் நுனிகளில் தளிர் விட்டிருக்கிறது. காலடியில், இல்லாமல் இருக்குமா, ஒரு மயில்.

நண்பர் என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொன்றாக விளக்கினார். "கூந்தல்தான் ஸார் அருவி. பாவாடை காடு. சலங்கை ஆத்துக் கல்லு. மொத்தத்திலே இவ யாருன்னா, இயற்கை. எப்படி?"

"நன்றாயிருக்கிறது" என்றேன்.

பிடிக்காததை நேரே சொல்லுகிற ஒரு மனிதருக்கு நான் செய்த மரியாதை இது! அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் காப்பி கொண்டுவரச் சொன்னார். இந்தக் கட்டுரையை அந்த ஒரு வார்த்தைக்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படத்தை எழுதியவர் கை தேறாதவர் அல்ல. நண்பர் உள்ளே போயிருந்த அந்த இரண்டு நிமிஷத்தில், விளக்கத்தின் தொந்தரவில்லாமல் படத்தைத் தனியாகப் பார்த்தேன். பெண்ணின் இடது கால் ஈரப் பாறைமேல் ஊன்றியிருக்கிறது. பாறை வழுக்கும் என்பது அந்தக் காலுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டை விரல் பாறையைக் கவ்விப் பிடிக்கிறது. குதிகாலுக்குமேல் நரம்பு புடைத்திருக்கிறது. அந்த ஒரு சாண் இடத்தில் ஓவியருக்குத் தத்துவம் மறந்து போயிருக்க வேண்டும். கால் எதையும் குறிக்கவில்லை. நிற்கிறது, அவ்வளவுதான். அந்தப் படத்தில் நடனம் இருக்கிற ஒரே இடமும் அதுதான்.

மற்ற இடமெல்லாம் கணக்கு. கூந்தல் சமம் அருவி. பாவாடை சமம் காடு. விடை தெரிந்த விடுகதையை இரண்டாம் தடவை யாராவது கேட்பார்களா? நண்பர் விளக்கம் முடிந்த அதே நொடியில் படமும் முடிந்துவிட்டது. நாளைக்குக் காலையில் அவர் கூடத்துக்கு வந்து மறுபடியும் பார்த்தால் மறுபடியும் கூந்தல் அருவியாகத்தான் இருக்கும். அதற்குமேல் அங்கே எதுவும் நடக்காது.

இது அந்த ஓவியரின் தனிப்பட்ட குற்றமல்ல. பெண்ணை இயற்கையோடு சேர்த்துப் பேசுவது நம்முடைய பாஷைக்கே ஊறிப் போன பழக்கம். கண்ணுக்குக் கயல், இடைக்குக் கொடி, கூந்தலுக்கு மேகம் என்று புலவர்கள் ஈராயிரம் வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதே சங்கதி சித்திரத்தில் ஏன் கசந்து போகிறது?

வார்த்தையில் உவமை நிற்பதில்லை, தோன்றி மறைகிறது. கயல் என்று புலவன் சொன்னதும் ஒரு மீன் நம் மனசில் துள்ளுகிறது. அடுத்த வார்த்தை வருவதற்குள் தண்ணீருக்குள் போய்விடுகிறது. அதன் துள்ளல் மட்டும் கண்ணில் தங்குகிறது. மீனின் செதிளும் வாடையும் நம்மிடம் வந்து சேருவதில்லை. சித்திரக்காரனுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அவன் மீனை எழுதினால் மீன் அங்கேயே கிடக்கும். அழகான ஒரு முகத்தில் இரண்டு மீன்களை ஒட்டிவைத்த மாதிரி ஆகும். புலவனுடைய உவமையை வாங்கி அப்படியே துணியில் இறக்குகிற ஓவியன், மறைய வேண்டியதை ஆணி அடித்து மாட்டுகிறான்.

காப்பி வந்த பிறகு இதில் ஒரு பாதியை, படத்தைக் குறிப்பிடாமல், பொதுவாகப் பேசுவது போல நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மண்டிக்காரர், எடைக்கல் வைத்துப் பழகியவர். உடனே கேட்டார்: "அப்போ நடராஜர் சடையிலே கங்கை இருக்கே ஸார், அது மட்டும் என்ன?"

நல்ல கேள்வி. எனக்கு அப்போது பதில் வரவில்லை. மரச்சிற்பக்காரர்கள் வேலை செய்கிற இடத்துக்குப் போவோம் என்று அவரே அழைத்துக்கொண்டு போனார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஊர்க்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை. ஒரு பட்டறையில் அரைகுறையாக ஒரு நடராஜர் நின்றுகொண்டிருந்தார். சடை விரிந்தாயிற்று, முகம் இன்னும் வரவில்லை. விரிந்த சடையின் வலப்புறத்தில், கட்டை விரல் அளவில், கை கூப்பின ஒரு சிறு பெண்.

விடை அங்கே இருந்தது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளிலும் இப்படித்தான். சடை சடையாகவே இருக்கிறது. கங்கை வேறொருத்தியாக அதில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். சடையே ஆறாக ஓடவில்லை. பிறையும் பாம்பும் அப்படியே, தனித் தனியாக. ஆடுகிறவன் வேறு, அவன் ஏந்தியிருக்கிற நெருப்பு வேறு. அத்தனை குறிப்புப் பொருளும் அவன்மேல் ஏறியிருந்தும் அவன் இடுப்பு ஒடிவதும் கால் தூக்குவதும் ஒரு உடம்பு செய்கிற காரியமாகவே இருக்கின்றன. தத்துவம் தெரியாத குழந்தைகூட அந்தக் காலைப் பார்த்து ஒற்றைக் காலில் நின்று பழகும்.

நண்பர் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. ஆனால் சித்திரத்தில் இந்தக் காரியத்தை நம்மவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று நேரிலேயே மறுபடி பார்த்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அடுத்த இரண்டு மாசத்துக்குள் இரண்டு இடங்களுக்குப் போனேன்.

முதலில் பனைமலை. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரையில் இரண்டு ஊரும் ஒரே மாவட்டத்தில்தான் இருந்தன. விழுப்புரத்திலிருந்து செஞ்சிப் பக்கமாகப் போனால் ஏரியும் அதன் கரையில் ஒரு சிறு குன்றும். குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாலகிரீசுவரர் கோயில். 8-ம் நூற்றாண்டின் தொடக்கம். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டியவனும் அவன்தான். பாண்டிச்சேரியில் இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இங்கே ஓவியம் இருப்பதை உலகுக்குச் சொன்னார். வடபுறத்துச் சிறு சன்னிதி ஒன்றின் சுவரில் அது இருக்கிறது.

சிவன் பல கைகளோடு ஆடுகிறார். பார்வதி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதுதான் விஷயம். ஆனால் இன்றைக்குப் போய்ப் பார்க்கிறவனுக்கு ஆடுகிறவர் அகப்படமாட்டார். சுண்ணமும் நிறமும் உதிர்ந்து, சில கோடுகளாக, சில கறைகளாகப் போய்விட்டார். மிஞ்சியிருப்பவள் அம்மைதான். தலையில் மகுடம், அதற்கு மேலே குடை. ஒரு காலை ஊன்றி, மற்றதை மடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பார்க்கிற திசையில் ஒன்றுமில்லாத சுவர்.

வெகுநேரம் நின்றேன். அவள் கழுத்தின் சாய்விலிருந்து அந்த ஆட்டத்தின் வேகத்தை ஊகித்துக்கொள்ள முடிகிறது என்று எனக்குப் பட்டது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம். கதை எழுதுகிறவனுக்கு இந்த வியாதி உண்டு. ஆனாலும் ஒன்று நிச்சயம். பல்லவ காலத்து ஓவியன் ஆட்டத்தை முழுவதும் ஆடுகிறவரிடமே கொட்டிவிடவில்லை. பார்க்கிறவளிடம் கொஞ்சம் கொடுத்துவைத்திருக்கிறான். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கொஞ்சம்தான் மிச்சம்.

பிறகு சித்தன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து பத்து மைல். எத்தனையோ பேர் எழுதிவிட்ட இடம். காலண்டரிலும் பள்ளிப் புத்தகத்திலும் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்தும் போயிருக்கலாம். மொட்டைப் பாறையாக நீண்டு கிடக்கிற குன்று. அதன் மேற்குப் புறத்தில் குடைந்த சிறிய கோயில், அறிவர் கோயில். சமணர்களுடையது. ஓவியங்களை முதலில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்று எழுதினார்கள். அங்கேயே இருக்கிற ஒரு தமிழ்க் கல்வெட்டு வேறு கதை சொல்லுகிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்று அதில் இருக்கிறது. ஆகவே 9-ம் நூற்றாண்டு.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேலே விதானம் முழுக்கத் தாமரைக் குளம். இலைகளும் பூக்களும் மொட்டுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. நடுநடுவே மீன், வாத்து, அன்னம், எருமை, யானை. குளத்தில் இறங்கி ஆட்கள் பூப்பறிக்கிறார்கள். ஒருவன் தண்டோடு தாமரைகளைத் தோளில் சாய்த்திருக்கிறான். இன்னொருவன் கையில் பூக்கூடை. சமணர்கள் இதற்கு அர்த்தம் சொல்லுகிறார்கள். தீர்த்தங்கரர் உபதேசம் செய்கிற சமவசரணத்துக்குப் போகும் வழியில் இருக்கிற நீர்நிலை இது. இறங்கிப் பூப்பறிக்கிறவர்கள் வீடுபேற்றுக்குத் தகுதி பெற்ற பவ்வியர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த அர்த்தம் தெரியாத காலத்திலும் நான் இந்தக் குளத்தைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் இது இப்படித்தான் குளுகுளுவென்று இருந்தது. அர்த்தம் தெரிந்த பிறகு எருமையின் கொம்பு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. இந்த எருமைக்கு நான் தலை வணங்குகிறேன். மோட்சத்துக்குப் போகிற வழியில் எருமை எதற்கு? குளம் என்றால் எருமை இருக்கும், அதனால் இருக்கிறது.

ஆடுகிற பெண்கள் இந்தக் குளத்தில் இல்லை. முன்புறத்து இரண்டு தூண்களின் மேற்பகுதியில், தூணுக்கு ஒருத்தியாக, வருகிறவர்களை எதிர்கொள்ளுகிற மாதிரி இருக்கிறார்கள். அப்ஸரஸ் என்கிறார்கள் அறிஞர்கள். நிறம் மிகவும் மங்கிவிட்டது. பிரதி எடுத்த படங்களில் தெரிகிற அளவுகூட நேரில் தெரிவதில்லை. இடுப்பு வரையில்தான் ஓரளவு தெளிவு. காலைத் தேடினேன். இல்லை, போய்விட்டது. ஒருத்தி கையை யானைத் துதிக்கை போல நீட்டி வீசியிருக்கிறாள்; நடராஜரின் வீசிய இடக்கையைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் கை பரிச்சயமானது. கொண்டையில் பூ, கையில் வளை, உதட்டில் சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாத ஒன்று.

முற்றத் துறந்தவர்களின் கோயில். வாசலில் ஆடுகிற பெண். உச்சியில் குளம். தற்காலத்து ஓவியர் ஒருவரிடம் இதைக் கொடுத்திருந்தால் பெண்ணைக் குளத்தில் இறக்கியிருப்பார். இடுப்புக்குக் கீழே தாமரைத் தண்டாக்கியிருப்பார். கையைத் தாமரை இதழாக முடித்திருப்பார். பாண்டி நாட்டு ஓவியன் அந்த வேலைக்குப் போகவில்லை. பெண்ணைத் தூணிலும் குளத்தை விதானத்திலும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் வெறும் கல்லை விட்டான். கோடு மட்டும் ஒரே கோடு. தாமரைத் தண்டை வளைத்த அதே கைதான் அவள் தோளையும் வளைத்திருக்கிறது. பெண்ணைப் பார்த்துவிட்டு அண்ணாந்து பார்க்கிறவனுக்கு, இந்த வளைவை இப்போதுதான் எங்கேயோ பார்த்தோமே என்று ஒரு நினைவு தட்டும். அந்த நினைவு கல்லில் எழுதியில்லை. பார்க்கிறவன் கழுத்தை நிமிர்த்துகிற நேரத்தில் அவனுக்குள் உண்டாகிறது. நாளைக்கு வந்தால் நாளைக்கும் புதிதாக உண்டாகும்.

குறிப்புப் பொருள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குறிப்புக்கு இரண்டு பொருள்கள் வேண்டும், நடுவில் கொஞ்சம் இடம் வேண்டும் என்கிறேன். இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிட்டால் எது எதைக் குறிப்பது?

இவ்வளவு பேசிவிட்டேன். இனி என் பங்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய ஒரு நாவலில் கல்வராயன் மலைப் பெண் ஒருத்தி வருகிறாள். மலையாளி என்று அந்த மலைக்காரர்களைச் சொல்லுவது வழக்கம். கேரளத்தோடு சேர்த்து நினைக்க வேண்டாம். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற வழியில், ஒரு அருவியடியில், மழை பிடிக்கும் முன்னே அவள் ஆடுவதாக ஒரு அத்தியாயம். அவளைப் பார்த்து நிற்கிற பட்டணத்துக் கதாநாயகனுக்கு மலையே எழுந்து ஆடுகிற மாதிரித் தோன்றுகிறது. கூந்தல், அருவி, தளிர் எல்லாம் உண்டு. மயிலை மட்டும் நான் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு என் ரசனை காப்பாற்றியது. நாவலிலேயே சிறந்த இடம் என்று அந்த அத்தியாயத்தைப் பலர் பாராட்டினார்கள். நானும் நம்பினேன்.

நாவல் வந்த மறு வருஷம் மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த இளைஞர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவரும் அந்த மலைக்காரர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கதை நடக்கும் காலமாக நான் வைத்திருந்தது ஜாகீர் காலம். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்து, 1976-ல்தான் சர்க்காருக்கு வந்தது. அந்தக் காலத்தில் தம் பாட்டி அந்த அருவிப் பாதையில் கடுக்காய் மூட்டையைத் தலைச்சுமையாக இறக்கிக் கொண்டுவந்தவள் என்று எழுதியிருந்தார். பாறை வழுக்குமென்று காலைப் பார்த்துப் பார்த்து வைப்பாளாம். "எங்கள் பெண்கள் ஆடுவார்கள் ஐயா. திருவிழாவில், ஊர் நடுவில், எல்லோரும் சேர்ந்து ஆடுவார்கள். அருவியில் தண்ணீர் பிடிப்பார்கள், துணி துவைப்பார்கள். அங்கே நின்று ஆட யாருக்கும் நேரம் இருந்ததில்லை" என்று முடித்திருந்தார்.

அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதினேன். கலைக்கும் உண்மைக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி இரண்டு பக்கம். இப்போது நினைத்தால் காது சுடுகிறது. சித்தன்னவாசலில் அண்ணாந்து நின்றபோது எனக்கு அந்த வாத்தியார்தான் நினைவுக்கு வந்தார். அவர் சொன்னதையே அந்த ஓவியன் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே செய்து வைத்திருக்கிறான். குளத்துக்குள் யாரும் ஆடவில்லை. குளத்தில் இறங்கியவனுக்கு அங்கே வேலை இருக்கிறது, பூவைப் பறித்துக்கொண்டிருக்கிறான். ஆடுகிறவள் ஆடுவதற்கென்று இருக்கிற இடத்தில் ஆடுகிறாள். நான் செய்தது வேறு. மலைக்காரிக்கு முகம் கொடுத்தேன், கூந்தல் கொடுத்தேன், பிறகு இரண்டையும் அருவியில் கரைத்துவிட்டேன். அவளுக்கு என்ன வயசு, காலையில் என்ன சாப்பிட்டாள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று முந்நூறு பக்கத்தில் ஓரிடத்தில்கூட நான் எழுதவில்லை. இயற்கைக்கு இதெல்லாம் எதற்கு? நாவலை எடுத்து அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். நண்பர் வீட்டுப் படத்தில் ஓவியர் ஒரு காலையாவது எழுதினார். என்னிடத்தில் அதுவும் இல்லை.

போன வாரம் கள்ளக்குறிச்சி போயிருந்தேன். நண்பரிடம், அன்றைக்கு நான் சொன்னது முழு அபிப்பிராயம் அல்ல என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னேன். கூந்தலைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிற்று. கொடுத்த பணம் நினைவுக்கு வந்திருக்கும். நாவலைப் பற்றிச் சொன்னபோது, "அந்த அத்தியாயம் எனக்கு அப்பவே பிடிக்கலை ஸார். உங்க மனசு நோகுமேன்னு சொல்லலை" என்றார். அவருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசியாக அந்தக் காலைக் காட்டினேன். அதுவரையில் அவர் அதைப் பார்த்ததே இல்லை. மயிலின் தோகை பாதி மறைக்கிறது. குனிந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சுண்டு விரல் பாறையிலே படவே இல்லையே ஸார்" என்றார்.

நான் கவனித்திருக்கவில்லை. அருகே போய்ப் பார்த்தேன். நூல் அளவு தூக்கிக்கொண்டிருந்தது.